வரப்பு இல்லாத படம்

எங்கள் பக்கத்தில் ஒருவருடைய ஜாதகத்தில் ஒரு கட்டத்தை மாற்றிப் போட்டுவிடலாம். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டுக்கூட, கையில் காலில் விழுந்து சமாளித்துவிடலாம். ஆனால் அவருடைய வரப்பை மட்டும் ஒரு சாண் நகர்த்தக் கூடாது. மண்ணில் மட்டுமல்ல, படத்திலும் கூடாது. வலங்கைமான் பக்கம் நெல் வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஒருத்தி, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிற வயதில்தான் இதைத் தெரிந்துகொண்டாள் என்றால் அவளை என்னவென்று சொல்வது? (என் அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.)

அப்போது நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். ஊரடங்கு வந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிய கம்பெனி, ஊரடங்கு முடிந்த பிறகும் திரும்பக் கூப்பிட மறந்துவிட்டது. மாடி அறையில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்ப்பேன். மிச்ச நேரத்தில் டிஜிட்டல் பேனாவை வைத்துக்கொண்டு படம் வரைவேன். உலகம் முழுக்க, கம்ப்யூட்டர் படங்களை ஏலம் போட்டு விற்கும் என்.எஃப்.டி. பைத்தியம் பிடித்திருந்த நேரம் அது. அந்தப் பைத்தியத்தை எங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் செந்தில் அண்ணன். என் சித்தப்பாவின் ஒரே மகன்.

"பாப்பா, இங்க குரங்கு படத்தையெல்லாம் போட்டி போட்டு வாங்குறானுங்க. நீ நம்ம வயலை வரைஞ்சு போடு. பச்சையப் பாத்தான்னா வெள்ளைக்காரன் விடவே மாட்டான்."

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அன்று சாயங்காலமே நான் கலைஞராகிவிட்டேன். இன்ஸ்டாகிராமில் 'நிலா' என்ற புனைபெயரில் ஒரு பக்கம் திறந்தேன். 'டெல்டாவின் ஆன்மாவைத் தேடும் ஒரு தூரிகை' என்று என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டேன். (என்னிடம் தூரிகையே கிடையாது.) ஒரு கறுப்பு டி-ஷர்ட் வாங்கினேன். நாளைக்கு யாராவது பேட்டி எடுத்தால் என்ன சொல்வது என்று குளியலறையில் பேசிப் பார்த்துக்கொண்டேன். "யார்கூடடி பேசுற உள்ள?" என்று அம்மா கதவைத் தட்டும்வரை அந்தப் பேட்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாடி ஜன்னலைத் திறந்தால் எங்கள் வயல். அதை ஒட்டிச் சித்தப்பா வயல். இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு, வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பூவரச மரம். அப்பாவும் சித்தப்பாவும் உடன்பிறந்தவர்கள். பாகம் பிரித்தபோது அந்த மரம் யாருக்கு என்பதில் ஆரம்பித்த பேச்சு, பேச்சு நின்றுபோவதில் முடிந்தது. பல வருஷம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோதுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சித்தப்பாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா வந்தார், கலசத் தண்ணீரை எடுத்து அப்பா தலையில் ஊற்றினார். கொஞ்சம் வேகமாகவே ஊற்றினார் என்றாலும், அன்றைக்கு இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மரம் சித்தப்பாவுடையது என்று அப்பாவும் வாய்விட்டுச் சொல்லாமல் ஒத்துக்கொண்டார். அதன் பிறகு தினமும் காலையில் வரப்பில் நின்று பேசிக்கொள்ளும் அளவுக்கு ஒற்றுமை வந்திருந்தது. அந்த ஒற்றுமைமேல்தான் நான் போய் விழுந்தேன்.

சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்த சமயம். வரையத் தொடங்கியதுமே எனக்கு ஒரு பிரச்சினை. வரப்பு, படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இரண்டாக வெட்டியது. நான் ஓவியம் கற்றுக்கொண்டதெல்லாம் யூடியூபில். அதில் ஒருவர் சொல்லியிருந்தார், கண்ணை உறுத்துவதை எல்லாம் தைரியமாக எடுத்துவிட வேண்டும், அதுதான் கலைஞனின் சுதந்திரம் என்று. வரப்பை எடுத்தேன். பூவரசு ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. அதைப் பிடுங்கி, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று இந்தப் பக்கம் கொண்டுவந்து நட்டேன். சித்தப்பா வயலில் நீலப் பெயின்ட் அடித்த ஒரு மோட்டார் ஷெட் உண்டு. நீலம் என்றால் கண்ணைக் கூசும் நீலம். அதையும் எடுத்தேன். இப்போது அடிவானம் வரைக்கும் ஒரே பச்சை, நடுவில் ஒற்றை மரம். 'எல்லையில்லாப் பச்சை' என்று பெயர் வைத்தேன். வைத்துவிட்டு நானே கொஞ்சம் கண்கலங்கினேன்.

அப்பாவுக்கு என்.எஃப்.டி.யை விளக்குவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அதுதான் இருப்பதிலேயே சுலபமாக இருந்தது. எங்கள் அப்பா, செய்தித்தாளில் முதலில் படிப்பது நில அளவைப் பற்றிய அறிவிப்பைத்தான். சிட்டா, அடங்கல், ஜமாபந்தி என்று பேச ஆரம்பித்தால் சாப்பாட்டுத் தட்டு காய்ந்துவிடும்.

"படத்தை யாரு வேணாலும் பாக்கலாம்ப்பா. எடுத்து போன்ல கூட வச்சுக்கலாம். ஆனா இது இன்னாருக்குச் சொந்தம்னு ஒரு பதிவு இருக்கும். அது ஒருத்தர் பேர்லதான் இருக்கும்."

"பட்டா மாதிரி."

"ஆமாப்பா! ஆனா இந்தப் பதிவை யாராலயும் அழிக்க முடியாது, திருத்த முடியாது."

"தாசில்தார் நெனச்சாலும்?"

"யார் நெனச்சாலும் முடியாது."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் கோயில் கருவறைக்கு முன்னால் நிற்கிறவரின் பக்தி தெரிந்தது. "அந்த ஆபீஸ் எங்கம்மா இருக்கு?"

"ஆபீஸே கிடையாதுப்பா. எல்லாம் கம்ப்யூட்டர்ல."

"அப்ப கையில எதுவும் குடுக்க வேண்டாமா?"

"பதிவு பண்றதுக்கு ஒரு கட்டணம் உண்டு. கேஸ் ஃபீஸ்னு சொல்வாங்க. கூட்டமா இருந்தா ஏறும், கூட்டம் இல்லன்னா எறங்கும்."

"அதான பாத்தேன்" என்று நிம்மதியாகச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

மறுநாள் டீக்கடையில் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "எம் பொண்ணு நம்ம வயலை, தாசில்தாரே வந்தாலும் திருத்த முடியாத ரெக்கார்டுல ஏத்தப் போகுது." பெருமையில் சொன்னார், பாவம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர். அவரும் பெருமையாகத்தான் தலையாட்டினாராம். அன்றைக்குத்தான் நான் படத்தை முன்னோட்டமாக இன்ஸ்டாகிராமில் போட்டு, 'வெள்ளிக்கிழமை வெளியீடு' என்று அறிவித்தேன். வெள்ளிக்கிழமையும், அதில் நல்ல நேரமும் அம்மா குறித்துக் கொடுத்தது. என்னைப் பின்தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதியில் கும்பகோணத்து உரக்கடை ஒன்றும் இருந்தது. (அவர்கள் மட்டும் எல்லாப் படத்துக்கும் லைக் போடுவார்கள்.) செந்தில் அண்ணன் ஆர்வத்தில் படத்தை எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 'நம்ம வயல் உலகத்துக்குப் போகுது' என்று கீழே கைகூப்பும் பொம்மைகள் வேறு.

வியாழக்கிழமை காலை நல்ல மழை. நான் மாடியில் உட்கார்ந்து அடுத்த நாளுக்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்தேன். கீழே அம்மாவின் குரல் கேட்டது.

"உள்ள வாங்க தம்பி, ஏன் நனையிறீங்க?"

"இருக்கட்டும் அண்ணி. பாப்பாவைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க."

சித்தப்பா குடையோடு வாசலிலேயே நின்றார். குடையை மடக்கவும் இல்லை. அவர் போனை என் முன்னால் நீட்டினார். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"இது எந்த வயலும்மா?"

"நம்ம வயல்தான் சித்தப்பா."

"நம்ம வயலா, ஒங்க வயலா?"

"ரெண்டும்தான்..."

"ரெண்டுன்னா நடுவுல வரப்பு எங்க?"

நான் கலைஞனின் சுதந்திரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். வாயிலிருந்து "அது வந்து, கண்ணை உறுத்துச்சு சித்தப்பா" என்று மட்டும்தான் வந்தது. இதைவிட மோசமான பதிலை அந்த இடத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"வரப்பு ஒன் கண்ணை உறுத்துச்சா? சரி. பூவரசு எப்புடி இந்தப் பக்கம் வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

அதற்குள் அப்பா வந்துவிட்டார். போனை வாங்கிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அவரும் படத்தை அப்படிக் கூர்ந்து பார்த்திருக்கவில்லை. மரம் தன் பக்கம் நிற்பதைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு நொடி ஒரு சந்தோஷம் வந்து போனது. ஒரே ஒரு நொடிதான். ஆனால் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"அழிக்க முடியாத ரெக்கார்டுன்னு டீக்கடையில சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றார் என்னிடம். "பொண்ணை விட்டு மரத்தை மாத்தி எழுதுறாரா ஒங்கப்பான்னு கேளு."

அப்பா மூன்றடி தூரத்தில்தான் நின்றார். அவரும் என்னிடம் சொன்னார். "அவன் மரம் எனக்கு எதுக்குன்னு கேளு."

"கேட்டதுக்கு நேரா பதில் சொல்லச் சொல்லு."

"நான் சொல்லிட்டேன்னு சொல்லு."

நான் இருவருக்கும் நடுவே டென்னிஸ் பார்ப்பவள்போல் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "வெறும் படம்தான் சித்தப்பா" என்றேன். அதுதான் என் இரண்டாவது தவறு. வெறும் படம் இல்லை, திருத்தவே முடியாத பத்திரம் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்தது நாங்கள்தானே.

சித்தப்பா குடையைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். போகும்போது, "படத்துலதான் வரப்பே இல்லையே. ஒங்க தண்ணி தானா வடியட்டும்" என்றார்.

இந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு உடனே புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வயல் தண்ணீர் வடிய ஒரே வழிதான். வரப்பில் உள்ள மடையைத் திறந்தால், சித்தப்பா வயல் ஓரமாக ஓடி வடிகாலில் போய் விழும். மடையை மண் போட்டு அடைத்துவிட்டால், பெய்த மழை எல்லாம் எங்கள் வயலிலேயே நிற்கும். நட்டு வேர் பிடித்திருக்கும் பயிர் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். கொஞ்ச நேரத்தில் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சித்தப்பா மண்வெட்டியோடு வரப்பில் நின்று மடையை அடைத்துக்கொண்டிருந்தார். இல்லாத வரப்பு என்று நான் தீர்மானித்த அதே இடத்தில்.

"அந்தக் கம்ப்யூட்டரை மூடுறியா, நான் மூடட்டுமா?" என்றாள் அம்மா. அவள் மூடினால் அது திரும்பத் திறக்காது என்பதால் நானே மூடினேன்.

அப்பா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வயலோரம் போய் நின்றார். பயிரின் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. "போய்ச் சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பா" என்றேன். "இவ்வளவு வருஷம் கழிச்சு இப்பதான் பேச ஆரம்பிச்சோம். மறுபடியும் நானே போய் நிக்கணுமா?" என்றார். பயிர் போய்விடுமே என்பதைவிட, தம்பி போய்விட்டானே என்பதுதான் அவருக்கு. எனக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. பேட்டியில் சொல்வதற்கு எழுதி மனப்பாடம் செய்திருந்த ஒரு வரியும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

செந்தில் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவராவது தன் அப்பாவிடம் பேசுவார் என்று நம்பினேன்.

"அப்பா கொஞ்சம் ஓவராத்தான் போறாரு. நான் சொல்றேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா பாப்பா, ஒண்ணு கேக்கணும். மோட்டார் ஷெட்ட ஏன் எடுத்த?" என்றார்.

"அது... அந்த நீலம் கொஞ்சம்..."

"இங்க வந்து நான் மொதல் மொதல்ல அனுப்புன சம்பளத்துல கட்டுனது அது. அந்த நீலம் நான் சொல்லித்தான் அடிச்சாங்க. பரவால்ல விடு. பச்சை நல்லாதான் இருக்கு."

பரவாயில்லை என்று அவர் சொன்ன விதத்தில் எனக்குக் காது சுட்டது. அவரோடு பேசும்போதெல்லாம் அந்த நீல ஷெட் என் ஜன்னலில் நின்றுகொண்டுதானே இருந்தது. ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றியதில்லை எனக்கு.

லேப்டாப்பையும் டிஜிட்டல் பேனாவையும் ஒரு உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு மழையில் சித்தப்பா வீட்டுக்கு நடந்தேன். டெல்டாவின் ஆன்மாவைத் தேடிய தூரிகை, தலையில் யூரியா சாக்கோடு போனது அன்றைக்குத்தான். சித்தி கதவைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து என் தலையில் போட்டாள்.

"வரப்பைத் திரும்பப் போட்டுடுறேன் சித்தப்பா. மரத்தையும் ஒங்க பக்கம் வச்சுடுறேன்."

சித்தப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. "எங்க போடுவ?"

"நீங்க சொல்ற எடத்துல."

"நான் சொல்ற எடத்துல போட்டா, நாளைக்கு ஒங்கப்பா ஒத்துக்கணுமே. அளவுன்னா ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும். அதான் மொறை."

ஆக, அப்பா வந்தாக வேண்டும். அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா என்ன சொல்லி அனுப்பினாள் என்று தெரியாது, அப்பா வந்தார். கூடவே அம்மாவும் வந்தாள். அப்பா உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார். சித்தப்பா அவரைப் பார்க்காமல் சித்தியிடம், "ஒரு நாற்காலி எடுத்துப் போடு" என்றார். அப்பா உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் நான், என் மடியில் லேப்டாப். இப்படித்தான் என் வாழ்க்கையின் முதல் கலைக் கண்காட்சி தொடங்கியது.

வரப்பை ஒரு நேர்கோடாகப் போட்டேன்.

"நேரா போடாத" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"நடுவுல ஒரு வளைவு இருக்கு" என்றார் சித்தப்பா என்னிடம்.

"மேற்கால வளையும்" என்றார் அப்பா என்னிடம்.

திரையில் மேற்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் திரையில் ஒரே இடத்தைத் தொட்டன. வளைத்தேன். "ஏன் சித்தப்பா இங்க மட்டும் வளையுது?" என்று கேட்டேன்.

அப்பா மெதுவாக, "அங்க ஒரு பாம்புப் புத்து இருந்துச்சு. வரப்பு போட்டப்ப, நீ வெட்டு நீ வெட்டுன்னு ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டே இருந்தோம். கடைசில அதைச் சுத்திப் போட்டுட்டோம்" என்றார்.

"நான் ஒண்ணும் பயப்படல" என்றார் சித்தப்பா. இந்த முறை என்னிடம் சொல்லவில்லை.

"ஆமாமா. மண்வெட்டிய போட்டுட்டு கோயில் வரைக்கும் ஓடுனது யாரு?"

"ஒனக்கு முன்னாடி நான் ஓடுனேன், அவ்வளவுதான். நீயும்தான வந்த?"

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு என் படத்துக்கு நான் உரிமையாளர் இல்லை. பூவரசு சித்தப்பா பக்கம் போனது. "இவ்வளவு கிட்டக்க இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி" என்று அப்பாவே தள்ளி வைக்கச் சொன்னார். மோட்டார் ஷெட் வந்தது. நீலத்துக்குச் செந்தில் அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டோம். நான் காட்டிய நீலத்தையெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளி, கடைசியில் கண்ணைக் கூசும் அதே நீலத்தில் வந்து நின்றார். மின்கம்பம் வந்தது. சித்தி, "எல்லாம் சரி, எம் மாடு எங்க?" என்று கேட்டாள். மாட்டை வயலில் நிறுத்தினேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நட்ட பயிர்ல மாட்ட விடுவாங்களா? என்ன படிச்ச நீ?" மாட்டைப் பிடித்துப் பூவரசில் கட்டினேன். கயிறு நீளமாக இருந்தால் பயிரை எட்டும் என்று கயிற்றையும் சுருக்கச் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மடைய விட்டுட்ட பாரு."

வரப்பில் மடையை வரைந்தேன். "தொறந்த மாதிரி போடவாப்பா, அடைச்ச மாதிரியா?"

அப்பா தரையைப் பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா வாசல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். பிறகு எழுந்து மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"தொறந்து போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மழையில் இறங்கி வயலைப் பார்த்து நடந்தார். அப்பா ஒரு நொடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "டேய் கோவிந்து, நில்றா, குடைய எடுத்துட்டுப் போடா" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். நான் அங்கேயே உட்கார்ந்து, மடையிலிருந்து ஓடும் தண்ணீரை வரைந்தேன். கண்ணீரில் திரை சரியாகத் தெரியாததால் அந்தத் தண்ணீர் மட்டும் படத்தில் கொஞ்சம் கோணலாகத்தான் ஓடும்.

வெள்ளிக்கிழமை, அம்மா குறித்த நல்ல நேரத்தில், இரண்டு குடும்பமும் எங்கள் மாடி அறையில் கூடியது. லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. (தொடுதிரையில் அல்ல, மூடியில்தான் வைக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.) 'எல்லையில்லாப் பச்சை' என்ற பெயரைச் சித்தப்பா ஒரே கேள்வியில் தள்ளினார். "எல்லை இல்லாமயா இவ்வளவு சண்டை போட்டோம்?" டெல்டாவின் ஆன்மா என்றெல்லாம் நான் எழுதியிருந்த இடத்தில் அப்பா சொல்லச் சொல்ல நான்கு எல்லையும் எழுதினேன். வாய்க்காலுக்குத் தெற்கு, சாலைக்கு வடக்கு, வடிகாலுக்குக் கிழக்கு, எங்கள் வீட்டுக்கு மேற்கு, இதற்கு உட்பட்ட இரண்டு குடும்பத்து நஞ்சை. அழிக்க முடியாத பதிவு என்பதால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார். பிறகு அவரும் சித்தப்பாவும் ஆளுக்கொரு விரலை மௌஸில் வைத்துச் சேர்ந்து அழுத்தினார்கள். கட்டணத்தைச் செந்தில் அண்ணன் சிங்கப்பூரிலிருந்தே கட்டினார். ஷெட் வந்துவிட்டதல்லவா.

யாரும் வாங்கவில்லை. ஒரே ஒரு வெளிநாட்டுக்காரர், இது வரைபடமா, ஓவியமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் அந்த நீலக் கட்டடம் என்ன என்று கேட்டார். அவருக்குச் செந்தில் அண்ணன் மோட்டாரின் குதிரைத்திறன் உட்பட ஒரு நீண்ட பதில் எழுதினார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை. கொஞ்ச நாளில் குரங்குப் படங்களே விலைபோகாமல் நின்றன. மாடு கட்டிய படத்தை யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வருஷம் சம்பா மட்டும் பிழைத்துக்கொண்டது. வரப்புப் பேச்சும் தினமும் காலையில் முன்புபோல் நடந்தது, முன்பைவிடச் சத்தமாகவே நடந்தது. பாம்புக்கு யார் முதலில் பயந்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

ஆனால் நான் தப்பிக்கவில்லை. எனக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, அவர்கள் வீட்டுப் பெரியவர் சம்பிரதாயமாக, "பொண்ணுக்கு வேலை போக என்ன பழக்கம்?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"நல்லா படம் போடும்ங்க. ஒங்க நெலத்தை மட்டும் போட விட்றாதீங்க. விட்டா பக்கத்துல ஒரு ஆளை நிறுத்திக்குங்க."

கேட்டவர்கள் விழித்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறி முழுக் கதையையும் சொன்னார்கள், உரச்சாக்கு உட்பட. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் காப்பி சட்டையில் சிந்தியது. சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது. கதையும் என்னோடு சீராகப் புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இன்றைக்கும் நான் பேனாவை எடுத்தால் போதும், மாமியார் உள்ளே பார்த்து, "ஏங்க, மருமக படம் போட ஒக்காந்தாச்சு" என்று ஒரு தகவல் சொல்லிவிடுவார். போன வாரம் முத்துப்பேட்டைப் பக்கம் போய்வந்த ஞாபகத்தில் கடலை வரைந்துகொண்டிருந்தேன். வயல் இல்லை, வரப்பு இல்லை, மரம் இல்லை. வெறும் தண்ணீரும் வானமும்தான். மாமியார் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பின்னால் நின்று வெகு நேரம் படத்தையே பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஏம்மா, இதுல பக்கத்து நெலத்துக்காரங்க யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"சிலோன்காரன். அவன்கூட ஏற்கெனவே தகராறு. பாத்துப் போடச் சொல்லு."